பேர் அவர்களுக்கு, அரைப்பேர் நமக்கு



தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் எங்கள் தோட்டத்து முச்சந்தியில் ஒரு பேனர் ஏறியது. 15 அடி உயரம் இருக்கும். நடிகர் விஜய் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். அவர் காலடியில் நம் வீட்டுப் பிள்ளைகள் 23 பேரின் முகங்கள், ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. மேலே கொட்டை எழுத்தில் "கச்சதீவை மீட்போம்" என்று போட்டிருக்கிறது. லயத்துக்கு லயம் போய் வீட்டுக்கு 200 ரூபா சேர்த்திருக்கிறார்கள். கொடுத்தவர்களில் நாங்களும் உண்டு. தீபாவளிக்குப் பையன்கள் ஏதோ விளையாட்டுப் போட்டி நடத்தப் போகிறார்கள் என்று நினைத்துத்தான் கொடுத்தோம்.

"யார்கிட்ட இருந்துடா மீட்கிறது?" என்று கேட்டோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் ஒருவன், "தலைவர் சொல்லியிருக்காருங்க மாமா" என்றான்.

அதுதான் எங்களைச் சுட்டது. கச்சதீவு இலங்கையில், யாழ்ப்பாண மாவட்டத்தில், நெடுந்தீவுப் பிரதேச செயலகத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. அதை "மீட்க" வேண்டுமென்றால் நெடுந்தீவுக்காரனிடமிருந்துதான் மீட்க வேண்டும். அவனும் தமிழன்தான், நம்மைப் போலவே கையூன்றிக் கரணம் போட்டுப் பிழைக்கிறவன்தான். மதுரை மாநாட்டில் ஒரு நடிகர் பேசியதை அப்படியே தூக்கிவந்து, மலையகத்தில் கொழுந்து பறிக்கிறவன் தன் காசில் கட்டித் தொங்கவிடுகிறான். இந்தக் கோலம் எப்படி வந்தது என்று பேசாமல் இந்த இதழை முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் தீவுப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அங்கே போய் வந்துதான் பேசுகிறோம்.

செப்டம்பரில் நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த குடும்பங்களோடு ஒரு பஸ் பிடித்துப் போனோம். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறை. அம்மனைக் கும்பிட்டு முடித்த மறுநாள், எங்களில் ஏழு பேர் மட்டும் நெடுந்தீவுப் படகில் ஏறினோம். சோளகக் காற்று அடங்காத நேரம். மலையில் பிறந்து கடலில் ஏறினவர்கள் பட்ட பாட்டை இங்கே எழுத வேண்டாம், எங்கள் மாவட்டத் தலைவி ஒருவர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். மாவிலித்துறையில் இறங்கினால் 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவிடம் இருக்கிறது. வந்த கூட்டத்தில் பாதி அதைத் தாண்டி, குதிரை எங்கே, பெருக்குமரம் எங்கே என்று ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடியது.

கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். கச்சதீவு பற்றி இரண்டு நாட்டிலும் அப்போது ஒரே பேச்சு. ஆகஸ்ட் 21இல் விஜய் மதுரையில் பேச, செப்டம்பர் 1ஆம் திகதி நமது ஜனாதிபதியே அந்தத் தீவில் போய் நின்றுவிட்டு வந்திருந்தார். பெரியவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கச்சதீவு அந்தோனியாருக்குச் சொந்தம் தம்பியவை. அங்க குடிக்கத் தண்ணியில்லை, குடியிருக்க ஆளில்லை. ஆற்றை எண்டு அடிபடுறதில என்ன இருக்கு? எங்கட பிரச்சினை தீவில்லை. கடலின்ர அடி. றோலர்காரர் அடியோட வழிச்சுக்கொண்டு போறாங்கள். திங்கள், புதன், சனி அவங்கட நாள். அந்த நாளில நாங்கள் வலை போடுறேல்லை. போட்டால் வலையும் இல்லை, மீனும் இல்லை."

கிழமைக்கு மூன்று நாள் வேலை இல்லை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். தோட்டத்தில் மூன்று நாள் பேர் விழாவிட்டால் அந்த மாதம் கடைக்கணக்கு என்ன ஆகும் என்று நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். நெடுந்தீவுக்காரனுக்கு அது மாதா மாதம். இழுவைமடித் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து வரும் இழுவைப் படகுகள் நிற்கவில்லை. வருடத்தில் 61 நாள், ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை, இந்தியாவே மீன்பிடித் தடைக்காலம் வைத்திருக்கிறது. அந்த இரண்டு மாதம்தான் எங்களுக்கு மூச்சு விடுகிற காலம் என்றார் பக்கத்தில் நண்டு வலை கட்டிக்கொண்டிருந்த ஒரு தங்கச்சி. அவள் கழுத்தில் தாலிக்கொடி இல்லை, மஞ்சள் கயிறுதான் இருந்தது. கொடி அடகில் என்றாள். நம் ஊர் நகைக்கடைக்காரர்களுக்கும் அங்குள்ளவர்களுக்கும் கணக்கு ஒன்றுதான் போலிருக்கிறது.

இப்போது ஒரு கேள்வி. கச்சதீவை நாளைக்கே இந்தியாவுக்குக் கொடுத்துவிட்டால் ராமேஸ்வரத்து இழுவைப் படகு கச்சதீவோடு நின்றுவிடுமா? 285 ஏக்கர் நிலம் அது. இழுவைப் படகுகள் இன்றே அதைத் தாண்டித்தான் நெடுந்தீவுக் கரையோரம் வரை வருகின்றன. அடியில் எதுவும் மிச்சமில்லாத கடலை யாருடைய வரைபடத்தில் போட்டாலும் அங்கே மீன் முளைக்காது. இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். மேடையில் நிற்கிறவருக்குப் புரியாமல் போகுமா? ஆனால் இழுவைமடி என்று வாயைத் திறந்தால் படகுச் சொந்தக்காரன் கோபப்படுவான். கச்சதீவு என்றால் யாருக்கும் கோபம் வராது, கைதட்டு மட்டும் வரும்.

அந்தப் படகில் கூலிக்கு ஏறுகிறவனை நாங்கள் திட்டவில்லை. அவனும் படகுக்காரனிடம் முன்பணம் வாங்கிக் கட்டுண்டு கிடக்கிறவன்தான். கங்காணியிடம் முன்பணம் வாங்கி இந்த மலைக்கு வந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவனைச் சுடுவதும் அடிப்பதும் தீர்வு என்றும் சொல்லமாட்டோம். 2024இல் மட்டும் அந்தக் கடலில் ஜூனில் நம் கடற்படைச் சிப்பாய் ஒருவரும் ஆகஸ்டில் ராமேஸ்வரத்து மீனவர் ஒருவரும் உயிரை விட்டார்கள். இரண்டு பக்கமும் செத்தது ஏழை வீட்டுப் பிள்ளை. படகுச் சொந்தக்காரனும் சாகவில்லை, நடிகரும் சாகவில்லை.

இன்னொன்றையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். கச்சதீவு கைமாறிய கதையும் நம் கதையும் ஒரே வருடத்தில் ஒரே இரண்டு பேர் எழுதியது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. அந்த மீதியை 1974 ஜனவரியில் சிறிமாவும் இந்திரா காந்தியும் உட்கார்ந்து ஆளுக்குப் பாதி, 75,000, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். அதே வருடம் ஜூனில் அதே இருவரும் கச்சதீவைப் பேசி முடித்தார்கள். நம்மையும் கேட்கவில்லை, நெடுந்தீவுக்காரனையும் கேட்கவில்லை. ஆக, கச்சதீவு என்ற பெயரைக் கேட்டால் நமக்கு ஞாபகம் வர வேண்டியது அந்த மேசைதான், மதுரை மேடை இல்லை.

சரி, நடிகர் பேசினால் ஏன் கேட்கிறோம்? அதற்கு இந்தப் "பேர்" என்ற சங்கதி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நமக்குப் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நிறை எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப்பேர். சினிமாக்காரனுக்கும் ஒரு காலத்தில் பேர் அப்படிச் சம்பள விவகாரமாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் படம் பிடிக்கத் தொடங்கிய காலத்தில் பயோகிராஃப் என்ற கம்பனி தன் படங்களில் நடிகர்களின் பெயரையே போடாது. பெயர் தெரிந்தால் கூலி கூடக் கேட்பார்கள் என்ற பயம். ஃபுளோரன்ஸ் லோரன்ஸ் என்ற பெண்ணை ஊரே விரும்பிப் பார்த்தது, ஆனால் "பயோகிராஃப் பெண்" என்றுதான் தெரியும். பிறகு கார்ல் லெம்லி என்ற முதலாளி அவரைத் தன் கம்பனிக்கு இழுத்தார். அவர் செத்துவிட்டார் என்று ஒரு புரளி பத்திரிகையில் வந்தது. அதை லெம்லியே கிளப்பினார் என்கிறார்கள். உடனே "இது போட்டிக் கம்பனிகளின் பொய், அவர் உயிரோடு இருக்கிறார், எங்கள் படத்தில் நடிக்கிறார்" என்று அவரே பெயர் போட்டு விளம்பரம் கொடுத்தார். செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அந்தப் பெண்ணை நேரில் கூட்டிவந்து காட்டினார், கூட்டம் அலைமோதியது. நட்சத்திரம் என்ற சரக்கு இப்படித்தான் சந்தைக்கு வந்தது, ஒரு பொய்ச் சாவோடு. அந்தப் பெண்ணுக்காவது அது நிலைத்ததா என்றால் இல்லை. 1938இல், ஊர் மறந்துபோன நிலையில், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். பேரில் கூலி ஏறியது உண்மை. பேரின் சாவி முதலாளி கையில் இருந்ததும் உண்மை.

தமிழில் முதல் பெரிய பேர் பாட்டுக்காரருடையது. தியாகராஜ பாகவதரின் "ஹரிதாஸ்" 1944 தீபாவளிக்கு வந்து, சென்னையில் ஒரே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அவர் முடி வெட்டிக்கொள்ளும் விதத்தை ஊர் பின்பற்றியது. அதே வருட முடிவில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதாகி உள்ளே போனார். 1947இல் குற்றமற்றவர் என்று வெளியே வந்தபோது அவர் குரல் அப்படியே இருந்தது, கூட்டம் போய்விட்டிருந்தது. 1959இல் இறந்தார். ஆனால் பாகவதர் என்றைக்கும் நான் உன் தலைவன் என்று யாரிடமும் சொல்லவில்லை. பாடினார், ஜனம் காசு கொடுத்துக் கேட்டது, கணக்கு அங்கேயே தீர்ந்தது. கடன் யாருக்கும் இல்லை.

கணக்கு தீராமல் போனது நாவலப்பிட்டியில் பிறந்தவர் காலத்தில்தான். எம்.ஜி.ஆர். நம் மண்ணில் பிறந்தவர் என்பதில் நமக்குப் பெருமை உண்டு. நம் வீடுகளில் பாதியில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருந்தது, சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அவர் 1982இல் சத்துணவுத் திட்டத்தை விரித்ததை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்த புது வித்தை வேறு. அவர் நம் வேஷத்தைப் போட்டார். "தொழிலாளி", "படகோட்டி", "விவசாயி", "ரிக்‌ஷாக்காரன்", "மீனவ நண்பன்". நம் அழுக்குச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு அவர் அணிந்துகொண்டதும், நம் பேர் அவருக்குப் போய்விட்டது.

திகதியைக் கவனியுங்கள். 5,25,000 பேரை ஏற்றி அனுப்பக் கைச்சாத்திட்டது 1964 ஒக்டோபர் 30. "படகோட்டி" தமிழ்நாட்டில் வந்தது நவம்பர் 3, அந்த வருடத் தீபாவளி. நான்கே நாள். அந்தப் படம் இங்கே வந்தபோது மீனவனுக்காகத் திரையில் வில்லனை அடித்த நாயகனுக்கு நம் ஆட்கள் விசிலடித்தார்கள். விசிலடித்தவர்களில் எத்தனை பேர் பிறகு தலைமன்னாரில் கப்பல் ஏறினார்கள்!

அந்தப் படகோட்டி கோட்டைக்குப் போன பிறகு என்ன நடந்தது? 1985இல் சென்னை மெரினாக் கடற்கரையை அழகுபடுத்துகிறோம் என்று கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அவருடைய அரசாங்கம் இறங்கியது. மீனவர்கள் எதிர்த்தார்கள். டிசம்பரில் பொலிஸ் சுட்டது, மீனவர்கள் செத்தார்கள். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். இரண்டு வருடம் கழித்து, 1987 டிசம்பர் 24இல், அவர் இறந்தபோது அதே கடற்கரையில்தான் அடக்கம் செய்தார்கள். துக்கம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. எம்.எஸ்.எஸ். பாண்டியன் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஏழைகளின் தலைவர் என்று பேர் வாங்கியவரின் ஆட்சியில் வரிச்சுமை ஏழையின் தலையில்தான் ஏறியது என்று கணக்குக் காட்டினார். நம் வாசிகசாலைகளில் ஒன்றிலாவது அந்தப் புத்தகம் இருக்கிறதா? எம்.ஜி.ஆர். படம் மட்டும் இருக்கிறது.

இதைப் படித்ததும் சிலர் சொல்வார்கள், சங்கத்துக்காரர்களுக்கு சினிமா என்றாலே காய்ச்சல் என்று. இல்லை தோழர்களே. நாங்களும் படம் பார்த்து வளர்ந்தவர்கள்தான். நெடுந்தீவில் அந்தப் பெரியவர் சொன்னார், இளம் வயதில் யாழ்ப்பாணத்தில் ராணி, வின்சர், மனோகரா தியேட்டர்களில் படம் பார்க்க வந்தால் அன்றைக்குத் திரும்பப் படகு இருக்காது, கோயில் மண்டபத்தில் படுத்துவிட்டு மறுநாள்தான் வீட்டுக்குப் போவாராம். நம் ஆட்கள் தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு நடந்து போய் இரண்டாம் காட்சி பார்த்துவிட்டு, பந்தம் கொளுத்திக்கொண்டு வந்து நேராகப் பிரட்டுக்களத்தில் நின்ற கதைகள் நம் வீட்டிலேயே உண்டு. அந்த ஆசையில் ஒரு குற்றமும் இல்லை. நாள் முழுக்கக் குனிந்த முதுகு மூன்று மணி நேரம் நிமிர்ந்து உட்காரும் இடம் அது.

எங்கள் கோபம், நம் முகத்தை நம் ஆட்களே திரையில் காட்டியபோது நாம் போய்ப் பார்த்தோமா என்பதில்.

சிங்களத் திரையின் முதல் பெரிய நட்சத்திரம் ருக்மணி தேவி 1923இல் இறம்பொடையில் பிறந்தவர். 1947இல் வந்த முதல் சிங்களப் பேசும் படத்தைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம் என்ற தமிழர். தமிழில் 1963இல் பி.எஸ். கிருஷ்ணகுமார் "தோட்டக்காரி" எடுத்தார், பேரே சொல்லும் யாரைப் பற்றி என்று. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் தன் காசைப் போட்டு, தானே நடித்து, தோட்டத் தொழிலாளரை வைத்து "புதிய காற்று" எடுத்தார். 1978இல் "வாடைக்காற்று" வந்தது. செங்கை ஆழியான் நெடுந்தீவை வைத்து எழுதிய நாவல், பிரேம்நாத் மொறாயஸ் இயக்கினார், ஏ.ஈ. மனோகரன் நாயகன். கடலும் வாடியும் சம்மாட்டியும் அதில் இருந்தன, மலையும் லயமும் இதில் இருந்தன. தீவான் ஒரு காற்றையும் நாம் ஒரு காற்றையும் திரையில் ஏற்றியிருந்தோம்.

அந்தக் காற்றுகள் எங்கே போயின? இந்தியப் படத்துக்குக் கியூ நின்ற நாம், நம் படத்துக்கு "நம்மாள்தானே, என்ன பெரிசா எடுத்திருப்பான்" என்றோம். மனோகரன் தமிழ்நாட்டுக்குப் போய் "சிலோன் மனோகர்" என்ற பெயரில் நாயகர்களிடம் அடிவாங்கும் வில்லன் ஆனார். நெடுந்தீவின் நாயகன் அங்கே போனதும் வில்லன்! மிச்சத்தை 1983 ஜூலை பார்த்துக்கொண்டது. கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவை எரித்தார்கள், அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. சிங்களப் படங்களும் எடுத்த தமிழ் இயக்குநர் கே. வெங்கட்டைக் கொன்றார்கள். எரித்தவன் குற்றவாளி, அதில் பேச்சே இல்லை. ஆனால் எரிவதற்கு முன்னாலேயே பார்க்காமல் விட்டவர்கள் நாம்.

இப்போதைய காலத்துக்கு வருவோம். முன்பு நட்சத்திரம் எட்டாத தூரத்தில் இருந்தது, அதனால்தான் அந்தப் பெயர். இப்போது அது பொக்கட்டில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நூறு தடவை தட்டிப் பார்க்கலாம். பக்கத்தில் வந்ததுபோல் இருக்கிறது, வரவில்லை. 2024 பெப்ரவரி 9ஆம் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் நட்சத்திர இரவு என்று நடந்ததே, காசு கொடுத்தவனுக்கு ஒரு தடுப்பு, கொடுக்காதவனுக்கு ஒரு தடுப்பு. தடுப்பை உடைத்துக்கொண்டு ஜனம் முன்னால் பாய்ந்தது, நிகழ்ச்சி நின்றுபோனது. மறுநாள் யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் "காட்டுமிராண்டிக் கூட்டம்" என்று எழுதினார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. தொடும் தூரம் என்று ஆசை காட்டிவிட்டு நடுவில் தகரம் அடித்தால் தகரம் விழத்தான் செய்யும்.

2017இல் இன்னொரு நாடகம். போரில் வீடிழந்தவர்களுக்குக் கட்டிய 150 வீடுகளைக் கையளிக்க ரஜினிகாந்த் வருவதாக இருந்தது. தமிழ்நாட்டுத் தலைவர்கள் சிலர் போகாதே என்றார்கள், அவரும் பயணத்தை விட்டுவிட்டார். அவர் வரலாமா கூடாதா என்று இரண்டு கடற்கரையிலும் அத்தனை பேர் பேசினார்கள். வீட்டுக்குச் சாவி வாங்க நின்ற பெண்ணிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

நடிகர் மட்டும் இல்லை, இப்போது யூடியூப்காரர்களும் பிறந்திருக்கிறார்கள். நெடுந்தீவுக்கு வந்தால் குதிரை, மலைக்கு வந்தால் நம் லயம். ஒழுகுகிற கூரையைக் காட்டி, அழுகிற கிழவியைக் காட்டி, ஒரு அரிசிப் பொதியைக் கொடுத்து, "அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று மைக்கை நீட்டுகிறார்கள். எங்கள் பிரிவில் ஒரு அக்கா பொதியை வாங்கிக்கொண்டு, "தம்பி, இத யார்கிட்ட காட்டி எவ்வளவு சம்பாதிப்பீங்க?" என்று கேட்டார். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத்தான் வீடியோ போட்டார்கள். எம்.ஜி.ஆர். நம் வேஷம் போட்டார், இவர்கள் அந்தச் செலவும் இல்லாமல் நம்மையே நடிக்க வைத்துவிடுகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நம் முதுகைப் பார்க்காமல் விட்டால் அது நேர்மை இல்லை. தலைவரைத் தோளில் தூக்கி ஊர்வலம் போனது யார்? மே தினத்துக்கு ஆளுயரக் கட்அவுட் வைத்தது, தலைவர் வந்திறங்கினால் ஆரத்தி எடுத்தது, சம்பளப் பேச்சுவார்த்தையில் என்ன நடந்தது என்று கேட்டவனை "தலைவரையே கேள்வி கேட்கிறியா" என்று உட்கார வைத்தது, எல்லாம் மலையகத்துச் சங்கங்கள்தான். 1000 ரூபா 1000 ரூபா என்று வருடக்கணக்கில் கத்தி 2021இல்தான் கிடைத்தது. 1350 ஆக 2024 செப்டம்பர் வரை காத்திருந்தோம். அந்தக் காலம் முழுக்கச் சுவரொட்டிகளில் சம்பளத் தொகையை விடத் தலைவர்களின் முகம் பெரிதாக இருந்தது. சந்தா கட்டுகிறவனை ரசிகனாக்கியது சினிமா மட்டும் இல்லை. பையன்கள் எங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள், எங்களைவிட நன்றாகப் பேனர் அடிக்கிறார்கள், அவ்வளவுதான்.

செப்டம்பர் 27ஆம் திகதி கரூரில் விஜய்யைப் பார்க்க நின்ற கூட்டத்தில் நெரிபட்டு 41 பேர் செத்தார்கள். பெண்களும் சின்னப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். யார் மேல் குற்றம் என்று அங்கே விசாரிக்கிறார்கள், அதை நாங்கள் இங்கிருந்து தீர்க்கப் போவதில்லை. நாங்கள் சொல்வது பேனர் கட்டிய 23 பிள்ளைகளிடம். கரூரில் செத்தவர்களும் உங்களைப் போல் ஒரு தடவை பக்கத்தில் பார்த்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து நின்றவர்கள்தான். மூன்று கிழமைக்குப் பிறகு தீபாவளி. அந்த 41 பேருக்கு ஒரு மெழுகுதிரி ஏற்றினீர்களா? அந்த யோசனை உங்களுக்கு வரவில்லை. உங்களைக் குறை சொல்லவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

அவர் படம் வந்தால் பாருங்கள். நன்றாக இருந்தால் எங்களிடமும் சொல்லுங்கள். அவர் அரசியல் தமிழ்நாட்டுக்காரர் விஷயம், வாக்கு அவர்களுடையது. நெடுந்தீவின் கடலைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஒரு தடவை நெடுந்தீவுக்காரனைக் கேளுங்கள். நம் சம்பளத்தைப் பற்றிக் கொழும்பில் ஒருவன் நம்மைக் கேட்காமல் பேசினால் நமக்கு எப்படி வயிறு எரியும்? அதே எரிச்சல்தான் அவனுக்கும்.

தோட்டக் கமிட்டியில் இப்படிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். பேனரை நாங்கள் கழற்றப் போவதில்லை. கட்டியவர்கள் கழற்றினால் கழற்றட்டும். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு வாசிகசாலையில் கூட்டம். நெடுந்தீவில் எங்களோடு பேசிய பெரியவரையும், நண்டு வலை கட்டும் அந்தத் தங்கச்சியையும், அவர்களுடைய கடற்றொழிலாளர் சங்கத்தில் இருந்து இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறோம். வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாடை தொடங்கிவிட்டால் படகு நிச்சயமில்லை, அதனால் இரண்டு நாள் முன்கூட்டியே புறப்படுவார்கள். இரவு தங்க இரண்டு வீடு வேண்டும். பஸ் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கு 100 ரூபா சேர்க்கிறோம், பேனருக்குக் கொடுத்ததில் பாதி. சேர்க்கிற வேலையை அந்த 23 பேரில் ஆறு பேர் எடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் எங்களோடு பேசவில்லை.